போரை எழுதியவர்

1763ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு பெருநூலின் முதல் தொகுதி வெளிவந்தது. இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய போர்களின் வரலாறு அது. திருச்சிராப்பள்ளி முற்றுகையில் ஆங்கிலப் படைக்குத் தோள்கொடுத்த சிப்பாய்ப் படைத்தலைவர் ஒருவரின் வீரமும் விழிப்பும் அதன் பக்கங்களில் தயக்கமின்றிப் போற்றப்பட்டிருந்தன. இலண்டன் வாசகர்கள் அந்நூலைக் கையில் எடுத்த அதே ஆண்டில் அப்படைத்தலைவர் மதுரைக் கோட்டைக்குள் இருந்தார். எந்தக் கம்பெனிக்காக அவர் போரிட்டாரோ, அந்தக் கம்பெனியின் பீரங்கிகளே கோட்டையைச் சூழ்ந்து நின்றன. அவர் யூசுப்கான், தமிழ் மக்கள் மருதநாயகம் என்று அறிந்தவர். நூலை எழுதியவர் ராபர்ட் ஓர்ம்.

கர்நாடகப் போர்களைப் பற்றி இன்று எவர் எழுதினாலும் ஓர்மைத் தொடாமல் எழுத இயலாது. ஆர்க்காட்டு முற்றுகையும், பொன்மலைப் போரும், புலித்தேவரின் எதிர்ப்பும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றதற்கு அவருடைய எழுத்து ஒரு முதன்மையான காரணம். அவர் கம்பெனியின் ஊழியர். கம்பெனியின் புகழுக்காகவே எழுதியவர். ஆயினும் செய்திகளைத் திரட்டுவதில் அவர் காட்டிய கண்டிப்பு, அவர் எண்ணியிராத பயனையும் தந்தது.

அஞ்சுதெங்கு முதல் சென்னை வரை

ஓர்ம் பிறந்தது இந்திய மண்ணில்தான். திருவிதாங்கூர்க் கடற்கரையில் மிளகு வணிகத்திற்காக ஆங்கிலேயர் கோட்டை கட்டியிருந்த அஞ்சுதெங்கு என்னும் ஊரில் 1728ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் ஓர்ம் அங்கே மருத்துவராக இருந்து, பின்னர் அக்குடியிருப்பின் தலைவரானவர். பேசப் பழகும் வயதிலேயே குழந்தை ஓர்ம் இலண்டனிலிருந்த உறவினர் வீட்டிற்கு அனுப்பப்பட்டார். ஹாரோ பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் கற்றார். பண்டைய வரலாற்றாசிரியர்களிடம் அவருக்கிருந்த பற்று அப்பள்ளி நாள்களில் வேர்கொண்டது. அவருடைய நீண்ட, நிதானமான ஆங்கில வாக்கியங்களில் அதன் தடத்தைக் காணலாம்.

1743இல் கல்கத்தாவில் கம்பெனியின் எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். எழுத்தர் என்பது கம்பெனிப் பணியின் முதற்படி. துணிமூட்டைகளையும் கணக்கேடுகளையும் கட்டிக்கொண்டு வாழும் வேலை. அவ்வேலையில் இருந்துகொண்டே இந்நாட்டின் ஆட்சிமுறையையும் வழக்கங்களையும் கேட்டறிந்து குறிப்பெழுதி வந்தார். இராபர்ட் கிளைவுடன் அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. 1753இல் இருவரும் ஒரே கப்பலில் இங்கிலாந்து திரும்பினர். ஆர்க்காட்டு வெற்றியின் புகழோடு கிளைவ் சென்றார். அவ்வெற்றியின் செய்திகளைக் கேட்டறியும் ஆர்வத்தோடு ஓர்ம் சென்றார். பல மாதங்கள் நீளும் கடற்பயணத்தைக் காட்டிலும் நல்ல வாய்ப்பு ஒரு வரலாற்றாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

1754இல் சென்னை ஆலோசனைக் குழுவின் உறுப்பினராக ஓர்ம் மீண்டும் இந்தியா வந்தார். 1758 வரை அவர் ஜார்ஜ் கோட்டையில் பணியாற்றிய நான்கு ஆண்டுகளே அவருடைய நூலுக்கு அடித்தளம் இட்டவை. போர்க்களத்திலிருந்து வரும் கடிதங்கள், படைத்தலைவர்களின் அறிக்கைகள், நவாபுடன் நடந்த பேச்சுகள், செலவுக் கணக்குகள் ஆகிய அனைத்தும் ஆலோசனைக் குழுவின் மேசைக்கு வந்தன. அவற்றைப் படிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. படியெடுத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. 1756இல் கல்கத்தா வங்காள நவாபின் கைக்குச் சென்றபோது, பெரும்படை ஒன்றை அங்கு அனுப்ப வேண்டும் என்றும், கிளைவே அதற்குத் தலைமை ஏற்க வேண்டும் என்றும் குழுவில் வலியுறுத்தியவர்களுள் ஓர்மும் ஒருவர். அம்முடிவு பிளாசிப் போரில் போய் முடிந்தது. தாம் பின்னாளில் எழுதிய வரலாற்றில் அவருக்கே இவ்வாறு ஒரு பங்கு இருந்தது.

1758இல் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். அவர் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் 1759 ஜனவரியில் கைப்பற்றி, அவரை மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். பிரான்சு வழியாக அவர் இலண்டனை அடைந்தபோது 1760ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் இருந்தது.

எண்ணியும் அளந்தும்

இங்கிலாந்தில் ஓர்ம் வேறு பதவி எதையும் நாடவில்லை. 1745 முதல் 1761இல் புதுச்சேரி வீழ்ந்தது வரையிலான பதினாறு ஆண்டுப் போர்களை எழுதி முடிப்பதே அவர் தமக்கு விதித்துக்கொண்ட பணி. முதல் தொகுதி 1763இலும் இரண்டாம் தொகுதி 1778இலும் வெளிவந்தன. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளும் அவர் செய்திகளைத் திரட்டுவதில் கழிந்தன. போரில் பங்கேற்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். அவர்களின் நாட்குறிப்புகளைப் பெற்றார். ஒருவர் கூறியதை மற்றொருவர் கூறியதோடு ஒப்பிட்டார். கோட்டைகளின் வரைபடங்களையும் போர்க்களப் படங்களையும் வரவழைத்தார். 1769இல் கம்பெனி அவரைத் தன் அதிகாரமுறை வரலாற்றாசிரியராக அமர்த்தியது. அதனால் கம்பெனியின் ஆவணங்கள் அவருக்கு மேலும் திறந்தன.

போர் என்றால் வீர முழக்கம் என்று எண்ணும் வாசகருக்கு அவருடைய நூல் வியப்பளிக்கும். அவர் முதலில் கேட்பது எண்ணிக்கை. ஆர்க்காட்டை நோக்கிக் கிளைவ் சென்னையிலிருந்து புறப்பட்டதை எழுதும்போது, உடன் சென்றவர்கள் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் என்றும், பீரங்கிகள் 3 என்றும், அதிகாரிகள் எட்டுப் பேர் என்றும் குறிக்கிறார். அத்துடன் நிற்கவில்லை. அவ்வெண்மரில் அறுவர் அதற்கு முன் போரையே கண்டிராதவர்கள் என்பதையும், நால்வர் வணிகப் பிரிவில் கணக்கெழுதி வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். கிளைவின் துணிவை எடுத்துக்காட்ட இந்த ஒரு கணக்கே போதுமானதாகிறது. ஐம்பது நாள் நீண்ட முற்றுகையின் இறுதித் தாக்குதலில் நெற்றியில் இரும்புத் தகடு பொருத்திய யானைகள் கோட்டைக் கதவை மோத ஏவப்பட்டன. துப்பாக்கிக் குண்டுகள் பட்டதும் அவை திரும்பித் தம்மை ஏவியவர்களையே மிதித்துச் சென்றன. அக்காட்சியை எழுதுமுன், கோட்டைக்குள் போரிடும் நிலையில் எஞ்சியிருந்தவர்கள் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களும் என்று ஓர்ம் எண்ணிக் காட்டிவிடுகிறார்.

பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்ட போது ஓர்ம் கோட்டையில் இல்லை, கப்பலில் சிறைப்பட்டிருந்தார். ஆயினும் அம்முற்றுகையை அவர் எழுதிய பகுதி நேரில் கண்டவர்களின் குறிப்புகளை விஞ்சி நிற்கிறது. காரணம், அத்தகைய குறிப்புகள் பலவற்றை ஒருங்கே வைத்து, நாள்வாரியாக அதை அமைத்தார். எந்த மதில்முனையில் எந்தப் பீரங்கி பழுதடைந்தது என்பது வரை அதில் உண்டு. கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டுகள் 26,554, வீசப்பட்ட வெடிகுண்டுகள் 7,502, துப்பாக்கித் தோட்டாக்கள் இரண்டு இலட்சம் என்று கணக்கு முடிக்கிறார். கம்பெனி எழுத்தரின் பழைய கை இங்கே வரலாற்றாசிரியருக்கு உதவியிருக்கிறது.

இந்த நுணுக்கமே குறையாகவும் சொல்லப்பட்டது. நடையழகில் ஆங்கில வரலாற்றாசிரியர் எவர்க்கும் ஓர்ம் குறைந்தவரல்லர் என்று ஒப்புக்கொண்ட மெக்காலே, நாற்பத்தெட்டு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு பெரிய பக்கம் வீதம் அவர் எழுதுவதாகக் கணக்கிட்டு, சலிப்பூட்டும் அளவுக்கு நுணுக்கம் என்று குறைகூறினார். அந்தக் குறையில் உண்மை உண்டு. சிறு சிறு படைநகர்வுகளின் அடர்ந்த காட்டில் வாசகர் வழி தவறுவதும் உண்டு. மெக்காலேயின் ஓட்டமான நடை அவரிடம் இல்லை. ஆனால் கிளைவைப் பற்றிய தம் கட்டுரைக்கு மெக்காலே பயன்படுத்திய செய்திகளில் கணிசமானவை ஓர்மின் நூலிலிருந்தே கிடைத்தவை.

பகைவரின் பக்கத்தையும் கேட்டறிய முயன்றது ஓர்மின் மற்றொரு சிறப்பு. தக்காணத்தில் பிரெஞ்சு ஆதிக்கத்தை நிலைநாட்டிய புஸ்ஸி, முதல் தொகுதியைப் படித்து அதன் நடுநிலையைப் பாராட்டி எழுதினார். 1773இல் ஓர்ம் பிரான்சுக்குச் சென்று அவரை நேரில் கண்டார். எதிரணியில் நின்ற தளபதியின் வீட்டிற்கே சென்று செய்தி கேட்ட வரலாற்றாசிரியர்கள் அக்காலத்தில் அரியர். முதல் தொகுதி 1765இலேயே பிரெஞ்சு மொழியில் பெயர்க்கப்பட்டிருந்தது. நண்பர் கிளைவுடன் கொண்ட உறவோ நாளடைவில் குளிர்ந்து போயிற்று. வங்காளத்தில் தாம் கண்ட போர்களும் சூழ்ச்சிகளும் ஓர்மின் நூலுக்கு நல்ல தீனியாகும் என்று ஒரு காலத்தில் கடிதம் எழுதி வேடிக்கை செய்தவர் கிளைவ்.

தென்பாண்டி நாட்டில்

தமிழ் வாசகர் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் கம்பெனி நுழைந்ததைப் பற்றியது. 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில், 500 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் கொண்ட படை, ஆர்க்காட்டு நவாபுக்காக வரி தண்டத் தெற்கே சென்றது. அப்படையை அனுப்பிய ஆலோசனைக் குழுவில் ஓர்மும் இருந்தார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நெற்கட்டும்செவலில் புலித்தேவர் பணம் செலுத்த மறுத்துக் கோட்டையை அடைத்துக்கொண்டார். மதிலை உடைக்கத்தக்க பெரிய பீரங்கி ஹெரானிடம் இல்லை. படை வெறுங்கையுடன் திரும்பியது. திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்த சிறு கோட்டை ஒன்றில் நடந்தது வேறு. உள்ளே புகுந்த படையினர் பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை. அங்கிருந்த 400 பேரில் உயிர் தப்பியவர்கள் ஆறு பேர் என்று ஓர்ம் எழுதுகிறார். குண்டுகளை எண்ணிய அதே பேனா அந்த அறுவரையும் எண்ணியது. தம் குழு அனுப்பிய படையின் செயல் என்பதற்காக அவர் அதை மறைக்கவில்லை.

அப்படை மதுரைக்கு அருகே கோவில்குடியில் இருந்த கோவிலைச் சூறையாடித் தெய்வத் திருமேனிகளை எடுத்துச் சென்றது. திரும்பும் வழியில் நத்தம் கணவாயின் அடர்ந்த காட்டில் கள்ளர் மறைந்திருந்து அதைத் தாக்கினர். பொதிவண்டிகளுக்குள் இருந்த திருமேனிகளைக் கண்டு அவர்கள் எழுப்பிய முழக்கத்தையும், அவற்றை மீட்டுச் சென்றதையும் ஓர்ம் விரிவாக விவரிக்கிறார். ஹெரான் சென்னை திரும்பியதும் இராணுவ நீதிமன்றத்தால் விசாரிக்கப்பட்டுப் பதவி இழந்தார். நத்தம் கணவாயில் நடந்த சண்டையைக் கம்பெனியின் தோல்வியாக மட்டும் எழுதியிருந்தால் சில வரிகளில் முடிந்திருக்கும். அம்மக்கள் ஏன் அத்துணைச் சினத்துடன் போரிட்டனர் என்பதையும் வாசகர் உணருமாறு எழுதியதால் அது பல பக்கங்கள் ஆயிற்று.

யூசுப்கானை ஓர்ம் சித்திரித்த விதம் இன்னும் ஆழமானது. திருச்சிராப்பள்ளிப் போரில் உணவுப் பொதிகளைப் பகைவரின் கண்ணில் படாமல் கொண்டு சேர்த்தும், ஒற்றர் செய்திகளைத் திரட்டியும் அவர் ஆற்றிய தொண்டு அந்நூலில் இடம்பெறுகிறது. 1754இல் யூசுப்கான் மைசூர்ப் படையினருடன் கூடிச் சதி செய்வதாகக் காட்டும் கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கையில் கிடைத்தது. அவர் காவலில் வைக்கப்பட்டார். விசாரணையில் அது ஆங்கிலத் தளபதியின் மொழிபெயர்ப்பாளர் செய்த சூழ்ச்சி என்பது வெளிப்பட்டது. அம்மொழிபெயர்ப்பாளர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். யூசுப்கான் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார். துப்பறியும் கதைபோல் இதனை ஓர்ம் எழுதியிருக்கிறார். இந்தப் பக்கங்கள் இலண்டனில் அச்சாகிச் சில மாதங்கள்கூடக் கழியாத நிலையில் மதுரை முற்றுகை இறுகியது. 1764ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் யூசுப்கான் துரோகி என்ற குற்றச்சாட்டின்பேரில் தூக்கிலிடப்பட்டார்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து இரண்டாம் தொகுதி வெளிவந்தது. கம்பெனியால் தூக்கிலிடப்பட்ட ஒருவரைக் கம்பெனியின் ஊதியம் பெறும் வரலாற்றாசிரியர் எவ்வாறு எழுதுவார்? லாலியின் முற்றுகையின்போது சென்னைக்கு வெளியே நின்று பிரெஞ்சுப் படையை அலைக்கழித்த யூசுப்கானின் பணியை ஓர்ம் குறைத்து எழுதவில்லை. பின்னாளில் துரோகியானவர் என்று பழைய செயல்களின்மேல் நிழல் படியவிடவும் இல்லை. யூசுப்கான் 1759 இறுதியில் புலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றதையும் அதே நிதானத்துடன் எழுதினார். அக்கோட்டையின் மதிலையும், அதைச் சுற்றியிருந்த காட்டையும், உள்ளிருந்தோர் போரிட்ட முறையையும் அவர் எழுத்தில் நாம் காண முடிகிறது. 1761உடன் நூல் முடிவதால் மதுரை முற்றுகை அதில் இல்லை. அதை அவர் எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது விடையில்லாத வினா.

ஒரு முரண்

இத்தகைய செய்திகளைத் திரட்டியவரே, இந்நாட்டு மக்கள் வெப்பமும் வளமும் மிகுந்த நிலத்தில் பிறந்ததால் உடலுறுதியும் போர்க்குணமும் குன்றியவர்கள் என்று ஒரு கட்டுரையில் எழுதினார். தட்பவெப்பம் மனிதரின் இயல்பை முடிவுசெய்கிறது என்னும் கருத்து அன்றைய ஐரோப்பாவில் செல்வாக்குடன் விளங்கியது. ஓர்ம் அதை ஐயமின்றி ஏற்றார். அக்கருத்து பின்வந்த ஆங்கில ஆட்சியாளர்களின் எழுத்துகளிலும் தொடர்ந்து, ஆள்வதற்குத் தாங்களே தகுந்தவர்கள் என்னும் எண்ணத்திற்கு உரமிட்டது. அவருடைய சொந்த நூலில் நத்தம் கணவாயும் வாசுதேவநல்லூரும் அக்கருத்தை மறுத்துக்கொண்டே நிற்கின்றன. ஆர்க்காட்டுக் கோட்டையில் இறுதிவரை நின்றவர்களில் பெரும்பகுதியினர் சிப்பாய்கள் என்பது அவரே எழுதிவைத்த கணக்கு. கட்டுரையில் பொதுவிதி பேசியவர், வரலாற்றில் கண்டதைக் கண்டவாறு எழுதினார். இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

ஏடுகளின் பயணம்

1782இல் முகலாயப் பேரரசையும் மராத்தியரையும் பற்றிய வரலாற்றுத் துணுக்குகளைத் தனி நூலாக வெளியிட்டார். மராத்தியர் வரலாற்றைப் பின்னர் எழுதிய கிராண்ட் டஃபுக்கு அது முன்னோடியாயிற்று. முதுமையில் இலண்டனின் இரைச்சலிலிருந்து விலகி ஈலிங் என்னும் சிற்றூரில் குடியேறிய ஓர்ம், 1801ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் காலமானார்.

அவருடைய நூல் இங்கிலாந்தின் வீடுகளில் கதைநூல்போலப் படிக்கப்பட்டது. நாவலாசிரியர் தாக்கரே, தம் ‘நியூகம்ஸ்’ நாவலில் வரும் கர்னல் சிறுவனாக இருந்தபோது ஓர்மின் வரலாற்றைப் படித்துத்தான் இந்தியாவுக்குப் போக விரும்பியதாக அமைத்தார். அக்கர்னல் தம் மகனுக்குக் கிளைவ் என்று பெயரிடுகிறார். கதையின் முடிச்சை அவிழ்க்கும் பழைய கடிதமொன்றும் ஓர்மின் நூலுக்குள்ளிருந்தே கிடைக்கிறது! 1861இல் அந்நூல் சென்னையிலேயே மறுபதிப்புப் பெற்றது.

அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துத் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதிய கால்டுவெல், புலித்தேவர் காலத்து நிகழ்ச்சிகளுக்கு ஓர்மையே பெரிதும் சார்ந்தார். அதில் ஒரு தொல்லை இருந்தது. ஊர்ப்பெயர்கள் ஆங்கிலேயர் செவியில் விழுந்தவாறே ஓர்மின் நூலில் ஏறியிருந்தன. நெற்கட்டும்செவல் ‘நெல்லிதங்கவில்’ ஆகியிருந்தது; வாசுதேவநல்லூர் ‘வாஷினலூர்’ ஆகியிருந்தது. அப்பகுதியில் பல்லாண்டு வாழ்ந்து, தமிழை நன்கறிந்த கால்டுவெல் போன்றோரே அவற்றின் உண்மைப் பெயர்களை அடையாளம் காட்ட முடிந்தது.

ஓர்ம் அறிந்திராத சான்று ஒன்றும் பின்னர் வெளிச்சத்திற்கு வந்தது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய அதே போர்களைப் புதுச்சேரியில் தூய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கர் தமிழில் நாள்தோறும் குறித்து வந்தார். அந்நாட்குறிப்பு 1846இல்தான் கண்டறியப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வாளருக்கு ஒரே நிகழ்ச்சி இரு கரைகளிலிருந்தும் தெரிகிறது. ஓர்மிடம் படைகளின் எண்ணிக்கை கிடைக்கும்; ஆனந்தரங்கரிடம் அப்படைகள் வருகின்றன என்று கேட்ட ஊர் என்ன செய்தது என்பது கிடைக்கும்.

ஓர்ம் திரட்டிய கடிதங்கள், நாட்குறிப்புகள், வரைபடங்கள் ஆகியவை அவர் மறைவுக்குப் பின் கம்பெனியிடம் சேர்ந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துத் தொகுதிகளான அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தம் நூலில் அவர் பயன்படுத்தாமல் விட்ட செய்திகளும் அவற்றுள் ஏராளம். எஸ். சி. ஹில் என்னும் அறிஞர் அத்தொகுதிகளுக்கு விரிவான அட்டவணை தயாரித்து 1916இல் வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1914இல், அவர் ஒரு வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்திருந்தார். ஓர்மின் நூல் எழுதாது விட்ட மதுரை முற்றுகையும் தூக்குமரமும் அதில் இடம்பெற்றன. அது யூசுப்கானின் வரலாறு.